காப்புநகலிலிருந்து உறவுசார் தரவுத்தளத்தை மீட்டெடுத்தல்: தமிழ்ப் பனுவல் தரவுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இலக்கியப் பனுவல்கள், கல்வெட்டுப் பாடங்கள், சுவடி விளக்கப் பட்டியல்கள், சொல்லடைவுகள் ஆகியன இன்று உறவுசார் தரவுத்தளங்களில் தொகுக்கப்படுகின்றன. பிழை நேர்ந்தால் காப்புநகல் கைகொடுக்கும் என்னும் நம்பிக்கையே இத்தொகுப்புகளின் பாதுகாப்புக்கு அடிப்படையாக உள்ளது. காப்புநகல் இருப்பதும் அதிலிருந்து தரவை மீட்டெடுக்க இயல்வதும் வெவ்வேறு என்பதைக் கிட்லேப் நிறுவனத்தில் 2017ஆம் ஆண்டு நேர்ந்த தரவிழப்பின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. தரவுத்தளம் மீண்டும் இயங்கத் தொடங்கியதும் மீட்டெடுப்பு முடிந்துவிடுவதில்லை. தமிழ் எழுத்துக் குறியேற்றம், அகரவரிசை, பதிவெண் ஆகிய மூன்று நிலைகளிலும் பனுவலைச் சரிபார்த்த பின்னரே அது நிறைவுறும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: உறவுசார் தரவுத்தளம், காப்புநகல், மீட்டெடுப்பு, மாற்றப் பதிவேடு, ஒருங்குறி, பாடச் சிதைவு

முன்னுரை

ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிக் காத்த மரபில் வந்த தமிழாய்வுக்குப் படியெடுத்தல் புதிதன்று. படியெடுக்கும்போது பிழை புகும் என்பதும், பிழையுள்ள ஒரு மூலத்திலிருந்து எடுத்த படிகள் எத்தனை இருப்பினும் அவை ஒரே சான்றாகவே கொள்ளப்படும் என்பதும் பதிப்பாசிரியர்கள் நன்கறிந்தவை. இவ்விரு உண்மைகளும் கணினித் தரவுத்தளத்திற்கும் பொருந்தும். ஆயினும் ஏட்டில் ஓரெழுத்துச் சிதைவு ஒரு படியையே பாதிக்கும். தரவுத்தளத்தில் ஒரு கட்டளை இலட்சக்கணக்கான பதிவுகளை ஒரு நொடியில் மாற்றிவிடும். ஆகவே, பிழைக்குப் பின் தரவை மீட்டெடுக்கும் முறையை அறிவது தொழில்நுட்பப் பணியாளரின் கடமை மட்டுமன்று. பனுவலின் நம்பகத்தன்மைக்குப் பொறுப்பேற்கும் ஆய்வாளரின் கடமையுமாகும்.

1. உறவுசார் தரவுத்தளமும் மாற்றப் பதிவேடும்

தரவுகளை நிரை, நிரல் கொண்ட அட்டவணைகளாகப் பகுத்து, அவற்றிடையே உள்ள தொடர்பைப் பொதுவான மதிப்புகளால் காட்டும் உறவுசார் மாதிரியை ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்தார். ஒரு சொல்லடைவில் நூல், பாடல், அடி, சொல் ஆகியவற்றுக்குத் தனித்தனி அட்டவணைகள் அமையும். ஒரு சொல்லின் பதிவு, அச்சொல் வரும் அடியின் எண்ணைக் கொண்டிருக்கும். அடியின் பதிவு, அது இடம்பெறும் பாடலின் எண்ணைக் கொண்டிருக்கும். இத்தொடர்புகள் அறுந்தால் சொற்கள் எஞ்சினாலும் அவற்றின் இடம் தெரியாமற்போகும். எனவே ஓர் அட்டவணையை மட்டும் பழைய நிலைக்குத் திருப்புவது முழுத் தரவுத்தளத்தின் இசைவையும் குலைக்கக்கூடும்.

தரவுத்தளத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு மாற்றப் பதிவேட்டில் எழுதப்பட்டு, பிறகே அட்டவணைக் கோப்பில் சேர்க்கப்படுகிறது. இடையில் மின்சாரம் தடைப்பட்டால், மீண்டும் இயங்கும்போது மென்பொருள் இப்பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சீர்செய்துகொள்ளும். இதற்கான முறைகளுள் செல்வாக்கு மிக்கது ஏரீஸ் எனப்படுவது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சி. மோகன் முதலானோர் ஐபிஎம் நிறுவனத்தில் உருவாக்கி 1992இல் வெளியிட்ட முறை இது. பதிவேட்டை ஆராய்தல், பதிவான மாற்றங்களை மீண்டும் நிகழ்த்துதல், முடிவுறாதவற்றை நீக்குதல் என்னும் மூன்று படிநிலைகளை அது கொண்டது. மின்தடை போன்றவற்றுக்கு இம்முறை தானே தீர்வளிக்கும். மனிதர் தவறாக இட்ட கட்டளைக்கு அதனால் தீர்வில்லை. முறைப்படி முடிவுற்ற கட்டளை சரியானதா தவறானதா என்பதை மென்பொருள் அறியாது. அந்நிலையில்தான் காப்புநகல் தேவைப்படுகிறது.

2. காப்புநகல் வகைகளும் அவற்றின் எல்லைகளும்

காப்புநகலை இருவகையாகப் பகுக்கலாம். முதலாவது தருக்கநிலை நகல். இது அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகளையும் அவற்றின் உள்ளடக்கத்தையும் கோப்பாக எழுதித் தருவது. இதனை வேறு கணினியிலும், பெரும்பாலும் மென்பொருளின் புதிய பதிப்பிலும் ஏற்றலாம். ஆனால் பெரிய தொகுப்புகளில் ஏற்றுவதற்கு நீண்ட நேரமாகும். இரண்டாவது பௌதிகநிலை நகல். இது வட்டில் உள்ள கோப்புகளை அப்படியே படியெடுப்பது. விரைவானது, ஆயினும் மென்பொருளின் அதே முதன்மைப் பதிப்பும் ஒத்த இயங்குசூழலும் அதற்குத் தேவை.

இவ்விரண்டோடும் வைத்து மயங்கப்படுவது துணை வழங்கி. முதன்மை வழங்கியில் நிகழும் மாற்றங்களை உடனுக்குடன் பெற்றுத் தன்னிடத்தும் நிகழ்த்தும் கணினி அது. முதன்மை வழங்கியின் வட்டு பழுதடைந்தால் துணை வழங்கி உதவும். ஆனால் முதன்மையில் தவறாக நீக்கிய பதிவு சில நொடிகளில் துணையிலும் நீங்கிவிடும். பிழையான மூலத்தின் படி பிழையையே சுமப்பது போன்றது இது. ஆதலால் துணை வழங்கியைக் காப்புநகலாகக் கருதலாகாது.

3. கிட்லேப் தரவிழப்பு (2017)

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை வழங்குவது கிட்லேப் நிறுவனம். அதன் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மென்பொருளில் இயங்கியது. 2017 ஜனவரி 31ஆம் நாள் நேர்ந்த இழப்பைப் பற்றிய முழு விவரத்தை அந்நிறுவனமே பொதுவில் வெளியிட்டதால், மீட்டெடுப்பைப் பயில்வதற்கு அது சிறந்த சான்றாக உள்ளது.

அன்று தரவுத்தளத்தின் பணிச்சுமை மிகுந்து, துணை வழங்கி முதன்மை வழங்கியைவிடப் பின்தங்கியது. துணைக்குத் தேவையான மாற்றப் பதிவுகள் முதன்மையிலிருந்து முன்னரே அகற்றப்பட்டிருந்தன. அவற்றைத் தனியே சேமித்துவைக்கும் ஏற்பாடும் இல்லை. எனவே துணை வழங்கியை முற்றிலும் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. அதற்கான முயற்சி பலமுறை தோற்றபின், துணை வழங்கியின் தரவுக் கோப்புறையை நீக்கிவிட்டுத் தொடங்க ஒரு பொறியாளர் முற்பட்டார். கட்டளை இடப்பட்டதோ முதன்மை வழங்கியில். ஓரிரு நொடிகளில் அவர் அதை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் அளவே எஞ்சியது.

இதன்பின் வெளிப்பட்டவை தவறான கட்டளையைவிட ஆழ்ந்த பாடம் தருவன. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய தருக்கநிலை நகல்கள் சேமிப்பிடத்தில் இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பில் இயங்க, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பில் இருந்தது. பதிப்பு வேறுபாட்டால் அக்கருவி ஒவ்வொரு முறையும் பிழைகாட்டி நின்றுவிட்டது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்புநர் சான்று இல்லாமையால் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டன. வட்டினை முழுமையாகப் படம்பிடிக்கும் மேகக் கணிமை வசதி, கோப்பு வழங்கிகளுக்கு இருந்தது. தரவுத்தள வழங்கிகளுக்கு இல்லை. நகல்முறைகள் பல இருந்தும், அவை செயற்படுகின்றனவா என்பதை எவரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை.

இறுதியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன்பு எடுத்திருந்த வட்டுப்படம். அது மெதுவான வட்டுகளில் இருந்தமையால் படியெடுக்க நெடுநேரமாயிற்று; சேவை மறுநாள் மாலையில்தான் திரும்பியது. இடைப்பட்ட நேரத்துத் தரவு மீளவில்லை. ஏறத்தாழ 5000 திட்டங்கள், 5000 கருத்துரைகள், 700 பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டதாக நிறுவனம் மதிப்பிட்டது. நிரல் களஞ்சியங்கள் வேறிடத்தில் இருந்ததால் அவை தப்பின.

இந்நிகழ்விலிருந்து இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, காப்புநகலின் தரத்தை நகலெடுப்பின் எண்ணிக்கை காட்டாது. மீட்டெடுத்துப் பார்த்த சோதனையே காட்டும். இரண்டாவது, தோல்வி ஓசையின்றி நிகழும். நகலெடுப்பு நடைபெறவில்லை என்பதை அறிவிக்கும் வழியும் நகலெடுப்போடு சேர்த்துச் சோதிக்கப்பட வேண்டும்.

4. குறித்த நேரத்திற்கு மீட்டெடுத்தல்

முழுக் காப்புநகலுடன் அதன்பின் எழுதப்பட்ட மாற்றப் பதிவுகளையும் சேமித்து வைத்தால், பிழை நேர்வதற்குச் சற்று முந்திய நிலைக்குத் தரவுத்தளத்தைக் கொண்டுவரலாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மென்பொருளில் 2005இல் வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்து இவ்வசதி உண்டு. மைஎஸ்க்யூஎல் மென்பொருளில் இருமப் பதிவேட்டின்வழி இது செய்யப்படுகிறது.

ஒரு சொல்லடைவுத் தரவுத்தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதிகாலை 2 மணிக்கு முழு நகல் எடுக்கப்படுகிறது. முற்பகல் 11.40க்கு ஒரு நூலின் பெயரைத் திருத்த இட்ட கட்டளையில் நிபந்தனைத் தொடர் விடுபட, எல்லா நூல்களின் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. 12.30க்குப் பிழை தெரியவருகிறது. இடைப்பட்ட 50 நிமிடங்களில் பிற பணியாளர்கள் புதிய பதிவுகளைச் சேர்த்துள்ளனர்.

இங்கு அதிகாலை நகலை நேரே முதன்மை வழங்கியில் ஏற்றினால், பிழையோடு ஒருநாட் காலையின் உழைப்பும் அழியும். பொருத்தமான முறை பின்வருமாறு அமையும்.

முதலில், தரவுத்தளத்தில் புதிதாக எழுதுவதை நிறுத்த வேண்டும். அடுத்து, சிதைந்த நிலையிலுள்ள தரவையும் அப்படியே ஒரு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். மீட்பு முயற்சி தவறினால் திரும்பிச் செல்ல அதுவே வழி. பிழைக்குப் பின் சேர்ந்த பதிவுகளும் அதில்தான் உள்ளன. மூன்றாவதாக, வேறொரு கணினியில் முழு நகலை ஏற்றி, மாற்றப் பதிவுகளை 11.39 வரை மட்டும் நிகழ்த்த வேண்டும். நான்காவதாக, இவ்வாறு கிடைத்த நல்ல நிலையிலிருந்து சிதைந்த நிரலை மட்டும், அதாவது நூற்பெயர்களை மட்டும், பதிவெண்களின் துணையால் முதன்மைத் தரவுத்தளத்திற்குக் கொண்டுவர வேண்டும். இம்முறையில் 50 நிமிடப் பணியும் இழக்கப்படுவதில்லை. பிழை பல அட்டவணைகளில் பரவியிருந்தால் மட்டுமே முழுத் தரவுத்தளத்தையும் பின்னுக்குக் கொண்டுசென்று, புதிய பதிவுகளை மீண்டும் சேர்ப்பது தகும்.

5. தமிழ்ப் பனுவலுக்குரிய சிதைவுகள்

மீட்டெடுப்பு பிழைச்செய்தியின்றி முடிந்த பின்னும் பனுவல் சிதைந்திருக்கக்கூடும். தமிழ்த் தரவில் இத்தகைய சிதைவுகளைக் கீழ்வருமாறு வகைப்படுத்தலாம்.

5.1 குறியேற்ற மயக்கம்

‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஒருங்குறியில் ஐந்து குறிகளாகவும், யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகளாகவும் அமைகிறது. நகலை ஏற்றும் இணைப்பு தன் குறியேற்றத்தை லத்தீன் எனத் தவறாக அறிவித்தால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி லத்தீன் குறியாகக் கொள்ளப்பட்டு மீண்டும் குறியேற்றம் பெறும். மேற்குறியிட்ட லத்தீன் எழுத்தும் வணிகப் பதிவுக் குறியும் அடுத்தடுத்துத் தோன்றுவது இதன் அடையாளம். இச்சிதைவில் பைட்டுகள் இழக்கப்படாதவரை, செயலைத் தலைகீழாக நிகழ்த்திப் பனுவலை மீட்கலாம்.

மாறாக, தமிழ் எழுத்தை ஏற்காத குறியேற்றத்திற்குத் தரவு மாற்றப்பட்டால் ஒவ்வொரு குறியும் வினாக்குறியாகிவிடும். ‘தமிழ்’ ஐந்து வினாக்குறிகளாக நிற்கும். எந்த ஐந்து குறிகள் அங்கிருந்தன என்பதை அறிய வழியில்லை. முன்னது மீட்கத்தக்கது, பின்னது மீட்கவியலாதது என்னும் இவ்வேறுபாட்டை உணராமல் சிதைந்த தரவின் மீது மேலும் திருத்தம் செய்தால், மீட்கத்தக்கதும் மீட்கவியலாததாகிவிடும்.

5.2 துணை எழுத்துகள் துண்டிக்கப்படுதல்

தமிழ் எழுத்துகளின் முதன்மைத் தொகுதி யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளுக்குள் அடங்கும். ஆனால் 2014இல் ஒருங்குறியில் இடம்பெற்ற கிரந்தத் தொகுதியும், முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளைக் கொண்டு 2019இல் சேர்க்கப்பட்ட தமிழ்த் துணைத்தொகுதியும் நான்கு பைட்டுகள் வேண்டுவன. மைஎஸ்க்யூஎல் மென்பொருளில் நெடுங்காலம் ‘யுடிஎஃப்8’ என வழங்கிய அமைப்பு மூன்று பைட்டுகளையே ஏற்கும். நான்கு பைட்டுகளை ஏற்கும் அமைப்பு 2010இல் தனியே அறிமுகமாயிற்று. புதிய அமைப்பில் எடுத்த நகலைப் பழைய அமைப்பிலுள்ள அட்டவணையில் ஏற்றினால், கண்டிப்பு முறைமை இல்லாத நிலையில், முதல் கிரந்த எழுத்து அல்லது பின்னக் குறி வரும் இடத்தோடு பாடம் துண்டிக்கப்படக்கூடும்; ஓர் எச்சரிக்கை மட்டுமே எழும்.

கல்வெட்டுத் தொகுப்புக்கு இதன் விளைவு பெரிது. நில அளவு குறிக்கும் பின்னத்தில் தொடங்கி அப்பதிவின் எஞ்சிய பாடம் முழுதும் மறையும். பதிவுகளின் எண்ணிக்கை குறையாததால், எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடும் சோதனை இதனைக் காட்டாது.

5.3 அகரவரிசை மாற்றம்

தேடலை விரைவுபடுத்தத் தரவுத்தளம் தேடற்சுட்டு ஒன்றை வைத்திருக்கும். அது நூலிறுதிச் சொல்லகராதி போன்றது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இதற்கான எழுத்து வரிசையைப் பெரும்பாலும் இயங்குதளத்திடமிருந்து பெறுகிறது. லினக்ஸ் இயங்குதளங்களின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் (2018) வரிசை விதிகள் பெருமளவில் மாற்றப்பட்டன. பழைய இயங்குதளத்தில் எடுத்த பௌதிகநிலை நகலைப் புதியதில் ஏற்றினால், தேடற்சுட்டு பழைய வரிசையில் இருக்க, தேடல் புதிய வரிசையில் நடைபெறும். அட்டவணையில் உள்ள சொல்லே ‘இல்லை’ என விடை வரலாம். ஒரே தலைச்சொல் இருமுறை பதிவாகவும் இடமுண்டு. ஒரு சொல் ஒரு நூலில் வழங்கவில்லை என்னும் முடிபுக்குச் சொல்லடைவையே சான்றாக்கும் ஆய்வாளருக்கு இது பொய்ச்சான்றாகும். தேடற்சுட்டுகளை மீண்டும் உருவாக்குவதே இதற்குத் தீர்வு. தருக்கநிலை நகலை ஏற்றும்போது சுட்டுகள் புதிதாகவே உருவாவதால் இச்சிக்கல் எழுவதில்லை.

5.4 பழங்குறியேற்றங்களும் இருவகை வடிவங்களும்

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேம், டேப் குறியேற்றங்களிலும், திஸ்கியிலும் உருவான தொகுப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்றத்திற்கு முன் எடுத்த காப்புநகலிலிருந்து சில பதிவுகளை மட்டும் மீட்டால், ஒரே நிரலில் இருவகைக் குறியேற்றங்கள் கலக்கும். எனவே ஒவ்வொரு காப்புநகலோடும் அதன் குறியேற்றமும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுத இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைட்டு அளவில் ஒப்பிடும் தரவுத்தளத்திற்கு வெவ்வேறு. நகலை உரைத்தொகுப்பியிலோ விரிதாளிலோ திறந்து திருத்தி ஏற்றும்போது இவ்வடிவங்கள் கலக்க வாய்ப்புண்டு என்பதால், காப்புநகற் கோப்பை எக்காரணத்தாலும் இடையில் திறந்து திருத்தலாகாது.

6. பதிவெண்ணும் மேற்கோளும்

பெரும்பாலான தரவுத்தளங்கள் ஒவ்வொரு புதிய பதிவுக்கும் தொடரெண் ஒன்றைத் தாமே இடும். பழைய காப்புநகலை ஏற்றும்போது இத்தொடரும் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். இழந்த பதிவுகளுக்கு உரிய எண்கள் பின்னர்ச் சேரும் வேறு பதிவுகளுக்கு வழங்கப்படும்.

இழந்த பதிவு ஒன்றின் எண்ணை ஓர் ஆய்வேடு அடிக்குறிப்பில் சுட்டியிருந்தால், அவ்வெண் இப்போது வேறொரு கல்வெட்டையோ சுவடியையோ காட்டும். பதிவு இல்லை என்னும் விடை ஆய்வாளரை எச்சரிக்கும். தவறான பதிவு எச்சரிப்பதில்லை. கிட்லேப் நிகழ்வில் மீட்டெடுப்பின்போது எல்லாத் தொடரெண்களையும் 100000 அளவு முன்னே நகர்த்தியதன் நோக்கம் இதுவே: முன்பு வழங்கியிருக்கக்கூடிய எண் மீண்டும் வழங்கப்படலாகாது. மேற்கோளுக்குரிய தமிழ்த் தொகுப்புகளும் இந்நெறியைப் பின்பற்றுவது தகும்.

7. சரிபார்ப்பு

மேற்கண்ட சிதைவுகளைக் கண்டறியப் பின்வரும் சோதனைகள் உதவும்.

1. ஒவ்வோர் அட்டவணையிலும் பதிவுகளின் எண்ணிக்கையோடு, பனுவல் நிரலின் மொத்தக் குறி எண்ணிக்கையையும் நகலெடுக்கும்போதே குறித்துவைத்து, மீட்டெடுத்தபின் ஒப்பிடுதல். துண்டிப்பை இது காட்டும்.
2. பனுவல் நிரலில் தொடர்ந்து வரும் வினாக்குறிகளையும் மேற்குறியிட்ட லத்தீன் எழுத்துகளையும் தேடுதல்.
3. கிரந்த எழுத்து, பின்னக் குறி, ஆய்தம், ஒகர ஓகார ஔகார உயிர்மெய்கள் ஆகியன இடம்பெறும் சில பதிவுகளைச் சோதனைப் பதிவுகளாக வரையறுத்து, அவற்றை அச்சுப் பதிப்போடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுதல்.
4. தெரிந்த சொற்கள் சிலவற்றைத் தேடற்சுட்டின் துணையோடும், அதைத் தவிர்த்து அட்டவணை முழுவதையும் படித்தும் தேடி, இரு விடைகளும் ஒத்துள்ளனவா எனக் காணுதல்.
5. அடிக்குரிய பாடலும் பாடலுக்குரிய நூலும் இல்லாத அநாதைப் பதிவுகள் உள்ளனவா என ஆராய்தல்.
6. அடுத்து வழங்கப்படவிருக்கும் தொடரெண், இதுவரை வழங்கிய எல்லா எண்களையும்விடப் பெரிதா எனக் காணுதல்.

இச்சோதனைகளைப் பிழை நேர்ந்த நாளில் முதன்முறையாகச் செய்வது பயன்தராது. குறித்த கால இடைவெளியில் தனிக் கணினியில் நகலை ஏற்றி இவற்றை நிகழ்த்தி, நாள், எடுத்த நேரம், கண்ட குறை ஆகியவற்றைப் பதிவு செய்வது காப்புநகலெடுப்பின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். முதல் இரண்டையும் கருவிகள் தாமே செய்யும். மூன்றாவது சோதனைக்குப் பதிவுகளைத் தேர்வதும் ஒப்பிடுவதும் தமிழறிஞரின் பணி. எந்த எழுத்தில் பிழை நேரக்கூடும் என்பதைப் பனுவலை அறிந்தவரே சொல்ல இயலும்.

முடிவுரை

மாற்றப் பதிவேடு மின்தடை முதலியவற்றிலிருந்து தரவுத்தளத்தைக் காக்கிறது. மனிதப் பிழையிலிருந்து காப்பது மாற்றப் பதிவுகளோடு கூடிய காப்புநகலே. துணை வழங்கி பிழையையும் சேர்த்தே படியெடுப்பதால் காப்புநகலுக்கு ஈடாகாது. பல காப்புநகல் முறைகள் இருந்தும் அவை சோதிக்கப்படாவிடின் பயனில்லை என்பதைக் கிட்லேப் நிகழ்வு உறுதிப்படுத்துகிறது. தமிழ்ப் பனுவல் தரவில் குறியேற்ற மயக்கம், துண்டிப்பு, அகரவரிசை மாற்றம், பதிவெண் மீள்வழக்கு ஆகியன பிழைச்செய்தியின்றியே நிகழக்கூடியவை. ஆகவே மீட்டெடுத்த தரவுத்தளம் ஒரு புதிய படியாகவே கொள்ளத்தக்கது. மூலத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே ஒரு படியைப் பதிப்புக்கு ஏற்கும் சுவடிப் பதிப்பு நெறி, மீட்டெடுத்த தரவுத்தளத்திற்கும் அவ்வாறே உரியதாகும்.